மலையில் உடம்பைப் படிக்கிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் முதலாமாண்டு நர்சிங், லேப் டெக்னீஷியன் மாணவர்களுக்கு உடற்கூறியலும் உடலியங்கியலும் எடுக்கிறேன். வீட்டில் படுகு பேசுகிறவர்கள், தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்தவர்கள், தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் இருந்து வருகிறவர்கள் என்று கலந்துதான் இருக்கும் வகுப்பு. முதல் மாதத்தில் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். வகுப்பில் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். இது மனப்பாடம் செய்து தொலைக்க வேண்டிய பாடம் என்று யாரோ அவர்களைப் பயமுறுத்தி அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மலையேறும்போது வாங்கும் மூச்சு, குளிரில் விறைக்கும் விரல், பஸ்ஸில் அடைக்கும் காது, இவற்றுக்குக் காரணம் தேடிப் போனாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

உடற்கூறியலும் உடலியங்கியலும் ஒன்றுதானா?

இல்லை. எது எங்கே, எந்த வடிவில் இருக்கிறது என்பது உடற்கூறியல். அது எப்படி வேலை செய்கிறது என்பது உடலியங்கியல். ஆனால் ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றைப் படிக்க முடியாது. இதயத்தின் இடது கீழறைச் சுவர் வலது கீழறைச் சுவரைவிடச் சுமார் மூன்று மடங்கு தடிமன். இதைத் தனியாகப் படித்தால் ஒரு வாரத்தில் மறந்துபோகும். வலது கீழறை பக்கத்தில் இருக்கும் நுரையீரலுக்கு மட்டும் ரத்தத்தைத் தள்ளினால் போதும். இடது கீழறையோ உச்சந்தலையிலிருந்து கால் கட்டைவிரல் வரை அனுப்ப வேண்டும். வேலை அதிகமென்றால் தசையும் அதிகம். இப்படிப் படித்தால் மறக்காது.

மருத்துவச் சொற்கள் வாயில் நுழைவதில்லை. தமிழில் படித்தால் போதாதா?

இரண்டும் வேண்டும். முதலில் தமிழில் புரிந்துகொள்ளுங்கள், அப்புறம் வார்டில் புழங்கும் சொல்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான சொற்கள் துண்டு துண்டாகச் சேர்ந்தவை. 'ஹெப்பட்' என்று வந்தால் கல்லீரல், 'நெஃப்ர்' என்றால் சிறுநீரகம், 'கார்டி' என்றால் இதயம், 'ஆஸ்டியோ' என்றால் எலும்பு. பின்னால் 'ஐட்டிஸ்' சேர்ந்தால் அழற்சி, 'எக்டமி' சேர்ந்தால் வெட்டி எடுப்பது. 'ஹைப்பர்' மிகை, 'ஹைப்போ' குறை. ஒரு முப்பது துண்டுகள் தெரிந்தால் முன்பின் பார்க்காத சொல்லையும் பிரித்துப் படித்துவிடலாம்.

இதைவிட முக்கியமான சிக்கல் ஒன்று இருக்கிறது. நம் பேச்சில் ஒரே சொல் பல உறுப்புகளைக் குறிக்கிறது. 'நரம்பு' என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊசி போடக் கையைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு "நரம்பு கிடைக்கல" என்கிறோம். அங்கே தேடுவது சிரை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய். "குதிகால் நரம்பு இழுக்குது" என்று பாட்டி சொல்வது தசைநாண், தசையை எலும்போடு கட்டும் கயிறு. "நரம்புத் தளர்ச்சி" என்பதில்தான் உண்மையான நரம்பு வருகிறது, மூளைக்கும் உடம்புக்கும் இடையே செய்தி கொண்டுபோகும் இழை. ஒரே சொல், மூன்று வேறு உறுப்புகள்.

'கை' என்றால் விரலா, மணிக்கட்டா, முழங்கையா, புஜமா? 'இடுப்பு' என்றால் முதுகின் கீழ்ப்பகுதியா, தொடை சேரும் மூட்டா? 'ஜவ்வு' என்று வீட்டில் சொல்வது பெரும்பாலும் எலும்பை எலும்போடு கட்டும் லிகமென்ட். 'நெஞ்சு கரிக்குது' என்பது பல நேரம் இரைப்பை அமிலம் மேலே வருவது. ஆனால் இதயத்தின் வலியையும் சிலர் அதே சொல்லால்தான் சொல்வார்கள். அதனால் நோயாளி எந்தச் சொல்லைச் சொன்னாலும், விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். அவர் மொழியைத் திருத்துவது நம் வேலை இல்லை. அவர் காட்டும் இடத்துக்குச் சரியான பெயர் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மேல், கீழ், முன், பின் என்பதற்கெல்லாம் எதற்குத் தனிச் சொற்கள்?

நம் ஊரில் "கீழே போறேன்" என்றால் மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர் பக்கம் போகிறேன் என்று அர்த்தம். பஸ் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் 'கீழே' மாறாது. உடற்கூறியலும் இதே மாதிரிதான். நேராக நின்று, முகமும் பாதமும் முன்னே பார்க்க, கைகள் பக்கவாட்டில் தொங்க, உள்ளங்கை முன்பக்கம் திரும்பியிருக்கும் நிலையை அடிப்படை நிலையாக வைத்திருக்கிறார்கள். நோயாளி குப்புறப் படுத்திருந்தாலும் 'மேல்' என்றால் தலைப்பக்கம்தான். இடது என்றால் அவருடைய இடது, நம்முடையது அல்ல. எக்ஸ்ரே பார்க்கும்போது முதலில் தடுமாறுவது இங்கேதான்.

இன்னொரு ஜோடி, அண்மையும் சேய்மையும். உடம்போடு சேரும் இடத்துக்குப் பக்கம் இருப்பது அண்மை, தள்ளி இருப்பது சேய்மை. தமிழ் இலக்கணத்தில் 'இவன்' அண்மைச் சுட்டு, 'அவன்' சேய்மைச் சுட்டு என்று படித்தோமே, அதே சொற்கள். தோளிலிருந்து பார்த்தால் முழங்கை அண்மை, மணிக்கட்டு சேய்மை.

செல், திசு, உறுப்பு, மண்டலம் என்ற வரிசையை எப்படி நினைவில் வைப்பது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டுக்கறிக் கடைக்குப் போங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, என் மாணவர்களுக்கு நான் தரும் முதல் வீட்டுப்பாடமே இதுதான். கடையில் ஈரல் என்று கொடுப்பது கல்லீரல். சுவரொட்டி என்பது மண்ணீரல். பழைய சிவப்பணுக்களைப் பிரித்துக் கழிக்கிற உறுப்பு அது, அதனால்தான் அவ்வளவு கருஞ்சிவப்பு. போட்டி என்பது குடல். நல்லி எலும்பை உடைத்தால் உள்ளே இருப்பது மஜ்ஜை. ரத்த அணுக்கள் பிறக்கும் இடம் சிவப்பு மஜ்ஜை. வளர்ந்த பிறகு நீண்ட எலும்புகளின் நடுவில் இருப்பது பெரும்பாலும் கொழுப்பு நிறைந்த மஞ்சள் மஜ்ஜை. நாம் உறிஞ்சிச் சாப்பிடுவது அதைத்தான்.

குடலின் ஒரு துண்டை வெட்டிப் பார்த்தால் நான்கு வகைத் திசுவும் அதிலேயே இருக்கும். உள்பக்கம் வழவழப்பாக இருப்பது எபிதீலியத் திசு. அதைத் தாங்குவது இணைப்புத் திசு. உணவைத் தள்ளுவது தசைத் திசு. எப்போது தள்ள வேண்டும் என்று சொல்வது நரம்புத் திசு. ஒரே மாதிரி செல்கள் கூடினால் திசு, திசுக்கள் கூடினால் உறுப்பு, இரைப்பை, குடல், கல்லீரல் எல்லாம் ஒரு வேலைக்காகக் கூடினால் செரிமான மண்டலம்.

ஹோமியோஸ்டாசிஸ் என்றால் என்ன?

வெளியே என்ன நடந்தாலும் உள்ளே நிலைமையை ஓரளவு ஒரே மாதிரி வைத்துக்கொள்ளும் வேலை. உடம்புக்குள் ஒரு தனிச் சூழல் இருக்கிறது என்ற கருத்தை 19ஆம் நூற்றாண்டில் கிளாட் பெர்னார்ட் முன்வைத்தார். 1920களில் வால்டர் கேனன் இந்தப் பெயரைச் சூட்டினார். உடலியங்கியலில் ஒரே ஒரு கருத்தைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள் என்பேன்.

ஜனவரியில் தலைக்குந்தா பக்கம் விடியற்காலையில் புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். அங்கே தோட்டத்தில் வேலை செய்கிறவரின் உள்ளுடல் வெப்பம் அப்போதும் 37 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். தோலில் இருக்கும் உணர்வு நரம்புகள் குளிரைச் சொல்கின்றன. மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் கணக்குப் பார்க்கிறது. உடனே தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. விரல் வெளுக்கும், வெப்பம் வெளியே போவது குறையும். மயிர்க்கால் தசைகள் இழுக்கப் புல்லரிக்கும். போதவில்லை என்றால் தசைகள் தாமாகவே துடித்து வெப்பம் உண்டாக்கும், அதுதான் நடுக்கம். உடம்பு சூடானதும் எல்லாம் தானாக நிற்கும். வீட்டுக் கீசர் தண்ணீர் சுட்டதும் தானே அணைந்து, ஆறினால் மறுபடி எரிகிற மாதிரி. இதற்கு எதிர்மறைப் பின்னூட்டம் என்று பெயர். 'எதிர்மறை' என்றால் கெட்டது என்று நினைக்க வேண்டாம், மாற்றத்துக்கு எதிர்த்திசையில் இழுக்கிறது என்றுதான் பொருள். பிரசவ வலி மாதிரி சில இடங்களில் மட்டும் நேர்மறைப் பின்னூட்டம் நடக்கும். கருப்பை சுருங்கச் சுருங்க ஆக்ஸிடோசின் கூடும், அது கூடக் கூட இன்னும் சுருங்கும், குழந்தை பிறந்த பிறகே அந்தச் சுற்று நிற்கும்.

இங்கே ஒன்று சொல்லியே ஆக வேண்டும். குளிருக்கு இதமாக இருக்கும் என்று மது குடிப்பது நம் மலையில் பழகிப்போன பேச்சு. மது தோலின் ரத்தக் குழாய்களை விரிக்கிறது. சூடான ரத்தம் தோலுக்கு வருவதால் கதகதப்பாகத் தோன்றும், அதே வழியாக உள்வெப்பம் வெளியே போய்விடும். குடித்துவிட்டுக் குளிரில் வெளியே படுத்து உயிர் விடுகிறவர்களுக்கு நடப்பது இதுதான்.

குளிரில் அடிக்கடி சிறுநீர் வருவது ஏன்?

மேலே சொன்னதன் தொடர்ச்சி. தோலில் குழாய்கள் சுருங்கியதும் அங்கிருந்த ரத்தம் உடம்பின் நடுப்பகுதிக்கு வருகிறது. திரவம் கூடிவிட்டது என்று உடம்பு எடுத்துக்கொள்கிறது. சிறுநீரகத்தை நீரைப் பிடித்து வைக்கச் சொல்லும் ஹார்மோன் குறைகிறது. சிறுநீரகம் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டி, பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துக்கொண்டு, ஒன்றரை லிட்டர் அளவுக்குத்தான் வெளியே விடுகிறது. அந்தத் திரும்ப எடுக்கும் அளவு சற்றே குறைந்தாலும் நமக்குத் தெரியும். வியர்வையும் இல்லை அல்லவா?

இதே காரணத்தால்தான் இங்கே காலை நேரத்தில் ரத்தம் எடுக்கச் சிரை தெரிவதில்லை. நோயாளியின் கையைக் கொஞ்ச நேரம் கதகதப்பாக வைத்திருந்துவிட்டுத் தேடுங்கள்.

ஊட்டியில் காற்றில் ஆக்சிஜன் குறைவா?

விகிதம் குறையாது. கடற்கரையிலும் தொட்டபெட்டா உச்சியிலும் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன்தான். குறைவது காற்றழுத்தம். ஊட்டி 2240 மீட்டர் உயரம், தொட்டபெட்டா 2637 மீட்டர். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்கு. ஒரு மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளும் அந்த அளவுக்குக் குறையும். இங்கே பருப்பு வேகக் குக்கர் இல்லாமல் முடியாது என்று வீட்டில் சொல்வதற்கும் காரணம் இந்த அழுத்தம்தான். ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

நுரையீரலில் 30 கோடிக்கும் மேல் காற்று நுண்ணறைகள் இருக்கின்றன. விரித்துப் போட்டால் ஏறத்தாழ 70 சதுர மீட்டர். ஆக்சிஜன் அழுத்தம் அதிகம் உள்ள பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு, அதாவது நுண்ணறையிலிருந்து ரத்தத்துக்குத் தானாகப் பரவுகிறது. வெளியே அழுத்தம் குறைந்தால் இந்தத் தள்ளல் குறையும். கழுத்துத் தமனி பிரியும் இடத்தில் இருக்கும் ஒரு சிறு உணரி அதைக் கண்டுபிடித்து மூச்சை வேகப்படுத்தும். கீழேயிருந்து வரும் விருந்தாளி படியேறியதும் மூச்சு வாங்குவது அதனால்தான். இது நோயல்ல.

நாள் போகப்போகச் சிறுநீரகம் எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கும். அது மஜ்ஜைக்குப் போய்ச் சிவப்பணுக்களைக் கூட்டச் சொல்லும். அதற்கு வாரங்கள் ஆகும். சிறுநீரகம் சிறுநீருக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் முகம் இந்த இடத்தில் மாறுவதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

இதனால் ரிப்போர்ட் படிக்கும்போதும் கவனம் வேண்டும். மலையில் நெடுநாள் இருக்கிறவருக்கு ஹீமோகுளோபின் சற்று உயர்ந்தே இருக்க வேண்டும். சமவெளி அளவுகோலை அப்படியே வைத்துப் பார்த்தால் ரத்தசோகை கண்ணில் படாமல் போகலாம். உயரத்துக்கு ஏற்பத் திருத்திப் பார்க்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனமே வழி கொடுத்திருக்கிறது.

குளிருக்கு அறைக்குள் கரி மூட்டக் கூடாது என்கிறார்களே, ஜன்னலைக் கொஞ்சம் திறந்தால் போதாதா?

அறைக்குள் மூட்டவே வேண்டாம். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் கரியடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கி எழுந்திருக்காதவர்கள் இருக்கிறார்கள். கரி முழுதாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு வருகிறது. நிறமில்லை, வாசனை இல்லை. ஆக்சிஜன் உட்கார வேண்டிய ஹீமோகுளோபினில் அது போய் உட்கார்ந்துகொள்ளும், அதுவும் 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு. மூச்சுத் திணறல்கூடத் தெரியாது. மூச்சு முட்டும் உணர்வு பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு கூடுவதால் வருவது, இங்கே அது கூடுவதில்லை. தலைவலி, குமட்டல், மயக்கம், அப்புறம் தூக்கம். விரலில் மாட்டும் சாதாரண பல்ஸ் ஆக்சிமீட்டரும் ஏமாற்றும், மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் என்றே கணக்கிட்டு நல்ல எண்ணைக் காட்டும். அப்படி ஒருவரைப் பார்த்தால் வெளிக்காற்றுக்கு இழுத்து வாருங்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

மலை இறங்கும்போது காது அடைப்பது ஏன்? ஏறும்போது அவ்வளவு இல்லையே?

செவிப்பறைக்குப் பின்னால் காற்று நிறைந்த சிறு அறை இருக்கிறது. அதையும் தொண்டையையும் இணைப்பது யூஸ்டேஷியன் குழல். ஏறும்போது உள்ளே இருக்கும் காற்று விரிந்து தானே குழலைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். இறங்கும்போது வெளியழுத்தம் கூடி, குழலின் வாய் அமுங்கிக்கொள்ளும். நாமாக விழுங்கியோ கொட்டாவி விட்டோ திறக்க வேண்டும். கைக்குழந்தைக்கு இறங்கும் வழியில் பால் கொடுங்கள்.

கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி வருவது வயிற்றுக் கோளாறா?

காது. உள்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள், உள்ளே திரவம். தலை திரும்பினால் திரவம் பின்தங்கி, திரும்பிய செய்தி மூளைக்குப் போகும். கல்லட்டி மலைப்பாதையில் 36 வளைவுகள். காது "சுற்றுகிறோம்" என்கிறது, போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண் "அசையவே இல்லை" என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாதபோது குமட்டுகிறது. முன்சீட்டில் உட்கார்ந்து தூரத்துச் சாலையைப் பார்த்தால் குறையும். டிரைவருக்கு வளைவு முன்கூட்டியே தெரிவதால் அவருக்கு வருவதில்லை.

ஏறும்போது மூச்சு வாங்குகிறது. ஆனால் மறுநாள் தொடை வலிப்பது இறங்கியதால் என்கிறார்களே?

உண்மைதான். ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது, பிரேக் பிடிக்கிற மாதிரி. இந்த வகை வேலையில்தான் தசை நார்களில் நுண்ணிய சேதம் அதிகம். வலி ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்துக்கு வரும். லாக்டிக் அமிலம் தேங்கியதால் என்பது பழைய விளக்கம், அது சில மணி நேரத்திலேயே போய்விடும். தினமும் சரிவில் இறங்கிக் கொழுந்து பறிக்கும் அக்காக்களுக்கு இந்த வலி வருவதில்லை, தசை பழகிவிட்டது. அவர்களுக்கு வருவது வேறு. மணிக்கணக்கில் நின்றே இருப்பதால் கெண்டைக்கால் சிரைகளின் வால்வுகள் தளர்ந்து சுருண்டு புடைக்கின்றன. கெண்டைக்கால் தசை சுருங்கும்போதுதான் கால் ரத்தம் மேலே தள்ளப்படுகிறது, நடந்துகொண்டே இருப்பது நிற்பதைவிட நல்லது.

அட்டை கடித்தால் ரத்தம் நிற்காமல் வருகிறதே?

ரத்தம் உறையக் கடைசியில் த்ராம்பின் என்ற நொதி ஃபைப்ரின் வலையைப் பின்ன வேண்டும். அட்டையின் உமிழ்நீரில் த்ராம்பினைத் தடுக்கும் புரதம் இருக்கிறது. மருத்துவ அட்டையில் கண்டுபிடித்த அத்தகைய புரதத்துக்கு ஹிருடின் என்று பெயர். நகத்தால் ஓரமாகத் தள்ளி எடுங்கள், கழுவி அழுத்திப் பிடியுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் நின்றுவிடும்.

அரிவாள் செல் நோய் பற்றி இங்கே ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

இந்தியாவில் இந்தப் பண்பு முதலில் பதிவானதே நீலகிரியில் என்பதால். 1952இல் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் இங்கே பழங்குடி மக்களின் ரத்தத்தைச் சோதித்து அதை வெளியிட்டார்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் இன்றும் குடும்பங்களில் தொடர்கிறது.

ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். அங்கே வேலின் என்ற வேறொரு அமினோ அமிலம் வந்துவிடுகிறது. அந்த ஒரே ஒரு மாற்றத்தால், ஆக்சிஜனை இறக்கி வைத்ததும் ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீளக் கம்பிகளாகின்றன. வட்டமான சிவப்பணு அரிவாள் போல வளைகிறது. சாதாரணச் சிவப்பணு 120 நாள் வாழும், இது 10, 20 நாளில் உடைகிறது. அதனால் ரத்தசோகை. வளைந்த அணுக்கள் நுண்குழாய்களை அடைப்பதால் எலும்பைக் குடையும் வலி. உடற்கூறியலும் உடலியங்கியலும் ஒன்றையொன்று எப்படிப் பிடித்திருக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் மாறிய மரபணு வந்தால் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் தாங்கி, பொதுவாகத் தொந்தரவு இருக்காது, மலேரியாவின் கடுமையிலிருந்து பாதுகாப்பும் கிடைக்கும். மலேரியா இருந்த காட்டோரங்களில் இந்த மரபணு தங்கியதற்குக் காரணம் அதுதான். ஒட்டாது, பரவாது, யாருடைய சாபமும் இல்லை. நோய் உள்ளவர் குளிரில் நனையாமல், தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இரண்டுமே வலியைத் தூண்டும். திருமணத்துக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை போதும். 2023 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் பரிசோதனைகள் நடக்கின்றன.

நாய் கடித்தால் காலில்தானே காயம், ரேபிஸ் நோய் மூளைக்கு எப்படிப் போகிறது?

நரம்பு வழியாக. காலிலிருந்து தண்டுவடம் வரை போகும் ஒரே நரம்பு செல்லின் இழை ஒரு மீட்டர் நீளம்கூட இருக்கும். அதற்குள் பொருள்களை ஏற்றி இறக்கும் போக்குவரத்து இருக்கிறது. ரேபிஸ் வைரஸ் அதில் ஏறிக்கொண்டு மெல்ல மூளைக்குப் போகிறது. அது போய்ச் சேரும் முன் எதிர்ப்பொருள் தயாராக வேண்டும், தடுப்பூசி உடனே போடச் சொல்வது அதற்காகத்தான். முதலில் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907இல் தொடங்கப்பட்டதே இந்த நோய்க்காகத்தான், நம் பிள்ளைகள் ஒருமுறையாவது அந்த வாசலைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

முதல் வாரத்தில் நான் என்ன செய்ய வேண்டும்?

மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இரண்டு விரல் வைத்து நாடித்துடிப்பைக் கண்டுபிடியுங்கள். கட்டைவிரலால் பார்க்காதீர்கள், அதன் துடிப்பே குழப்பிவிடும். காலையில் எழுந்ததும் ஒரு நிமிடம் எண்ணுங்கள். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் ஏறியதும் மறுபடி எண்ணுங்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு இன்னொரு தடவை. மூன்று எண்களையும் நோட்டில் எழுதி, ஏறியதும் ஏன் கூடியது, உட்கார்ந்ததும் ஏன் இறங்கியது என்று உங்கள் சொந்தத் தமிழில் நாலு வரி எழுதிக்கொண்டு திங்கட்கிழமை வாருங்கள்.